சுவருக்காக வரையப்படாத ஓவியங்கள்

இமாச்சலப் பிரதேசத்தின் காங்ரா பள்ளத்தாக்குக்குப் போகும் நம்மவர்கள் பெரும்பாலும் தர்மசாலாவையும் கோயில்களையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஓவியம் பார்ப்பதற்கென்றே போனவன் என்ற முறையில், அங்குள்ள காட்சிக்கூடங்களைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு.

18ஆம் நூற்றாண்டில் குலேர் என்ற மலைச் சிற்றரசில் வாழ்ந்த ஓவியர் பண்டித சேவுவின் மகன்களான மனக்குவும் நயின்சுக்கும், அவர்களுக்குப் பின் அவர்களுடைய பிள்ளைகளும் பேரர்களும் வளர்த்தெடுத்த கைவண்ணமே, காங்ரா அரசர் சன்சார் சந்தின் ஆதரவில் காங்ரா ஓவியம் என்று புகழ்பெற்றது. ஹரித்துவாரத்தின் பண்டாக்கள் எனப்படும் தீர்த்தப் புரோகிதர்கள் தலைமுறை தலைமுறையாக எழுதிவரும் யாத்திரிகர் பதிவேடுகளைப் புரட்டி இக்குடும்பத்தின் வம்சாவளியை மீட்டவர் கலை வரலாற்றாசிரியர் பி. என். கோஸ்வாமி. பாணியை அரசவையின் பெயரால் அல்லாமல் குடும்பத்தின் வழியாக அறிய வேண்டும் என்று அவர் வாதிட்டார்.

இந்தச் சிற்றோவியங்கள் சுவரில் மாட்டுவதற்காக வரையப்பட்டவை அல்ல. பல தாள்களை ஒட்டித் தேய்த்து மெருகேற்றிய பரப்பில், அணில் மயிர்த் தூரிகையால் கண்ணிமை வரை தீட்டிய இவற்றை, மடியில் வைத்து, கையிலேந்தி, ஒவ்வொரு ஏடாகத்தான் அன்று பார்த்தார்கள். சிறந்த ஏடுகள் பல சண்டிகர், லண்டன், சூரிக் என்று சிதறிப்போய்விட்டதைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். ஆனால் 1990இல் தர்மசாலாவில் திறக்கப்பட்ட காங்ரா கலை அருங்காட்சியகத்துக்கு வருபவரும் கண்ணாடிக்கு இப்பால் நின்றுதான் பார்க்க வேண்டியிருக்கிறது. பழைய ஏடுகளைப் பாதுகாக்க வேறு வழியில்லை என்பது புரிகிறது. அப்படியானால் இன்று வரையப்படும் ஏடுகளையாவது ஒரு மேசையில் வைத்து, பக்கத்தில் உருப்பெருக்கியும் வைத்து, வரைபவரையே மாதச் சம்பளத்துடன் அங்கு அமர்த்தலாம் அல்லவா? காங்ரா ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது உண்மைதான். ஓர் ஏட்டை வாரக்கணக்கில் தீட்டும் ஓவியரின் வீட்டு அடுப்பு அதனால் எரிந்துவிடாது.

பாலம்பூருக்கு அருகிலுள்ள அந்திரேட்டாவில் நிலைமை வேறு. அயர்லாந்திலிருந்து வந்த நாடகக் கலைஞர் நோரா ரிச்சர்ட்ஸ் மண்வீடு கட்டி வாழ்ந்த அந்தச் சிற்றூரில், பிரிவினைக்குப் பின் வந்து குடியேறிய ஓவியர் சோபா சிங் 1986இல் மறையும்வரை தங்கி வரைந்தார். அவருடைய குரு நானக் படங்கள், நம் ஊரில் கொண்டையராஜுவின் தெய்வப் படங்களைப் போல, நாள்காட்டி வழியாக வீடுவீடாகச் சென்றவை. அவர் வரைந்த இடமே இன்று காட்சிக்கூடமாக இருக்கிறது. எண்ணெய் வண்ண ஓவியங்கள் என்பதால் அவற்றுக்குச் சுவர் பொருந்தவும் செய்கிறது.

அதே ஊரில் 1983இல் தொடங்கப்பட்ட அந்திரேட்டா மண்பாண்டக் கூடத்தில் வந்தவர்களைச் சக்கரத்தின் முன் உட்காரவைத்து, கையில் களிமண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். தர்மசாலாவில் நான் தேடியது இப்படியொரு இருக்கையைத்தான்.