ஒரே கோடு, இரண்டு ரிப்போர்ட்

யூரோஃப்ளோ, அதாவது சிறுநீர் போகும் வேகத்தை அளக்கும் சோதனை; அந்த அறையில் எனக்குப் பாதி வேலை கதவுக்கு வெளியேதான். புனல் பொருத்திய நாற்காலியைக் காட்டி, எப்படி உட்கார வேண்டும் என்று சொல்லி, கதவைச் சாத்திவிட்டு வந்து நிற்பேன். உள்ளே சிறுநீர் போகப் போக, வினாடிக்கு எத்தனை மில்லி என்று கருவி ஒரு கோடு வரையும். அதைப் படிப்பது டாக்டர்.

சமீபத்தில் ஒரு அம்மாவின் கோட்டைப் பார்த்த டாக்டர் 'நார்மல்' என்று எழுதினார். ஃபைல் இன்னொருவரிடம் போனது. அவர் அதே தாளில் 'விட்டு விட்டு வருகிறது, அடைப்பு இருக்கலாம்' என்று எழுதினார். இருவருமே இதில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். அந்த அம்மா என்னிடம் வந்து, "இதுல எதும்மா சரி?" என்றார். நான் கோட்டை எத்தனையோ தடவை பார்த்தேன். எனக்கும் பிடிபடவில்லை.

எண்களில் அவ்வளவு தகராறு வராது என்று நினைப்போம். மொத்தம் எத்தனை மில்லி என்பதில் வராது, சரி. அதிகபட்ச வேகத்தில் வரும். தாரை புனலில் வேறு இடத்தில் விழுந்தாலோ, புடவை தட்டினாலோ, கோட்டில் ஊசி மாதிரி ஒரு முனை எழும்பும். கருவி அதையே உச்சம் என்று அச்சடித்துவிடும். இதற்காகத்தான் சிறுநீர்க் கட்டுப்பாட்டுப் பிரச்சினைகளுக்கான அமைப்பான சர்வதேச கான்டினென்ஸ் சொசைட்டி 2002-லேயே, 2 வினாடி சராசரி எடுத்து அந்த ஊசிகளை மழித்துவிட்டுப் படிக்கச் சொன்னது. கோட்டை எந்த அளவில் அச்சிட வேண்டும் என்றுகூடச் சொல்லியிருக்கிறது. அது சின்ன விஷயமில்லை. ஒரே கோட்டைப் பக்கவாட்டில் நெருக்கினால் கோபுரம், இழுத்து நீட்டினால் வெறும் மேடு.

வடிவத்துக்குப் பெயர் வைக்கும்போதுதான் உண்மையான குழப்பம். குழந்தைகளுக்கு ஒரு கணக்கு இருக்கிறது: ஏற்ற இறக்கம் அதிகபட்ச வேகத்தின் வர்க்கமூலத்தைத் தாண்டினால் அது 'ஸ்டக்காட்டோ', அதாவது துள்ளித் துள்ளி வரும் ஓட்டம். உச்சம் 25 என்றால் 5-க்கு மேல் ஆடக் கூடாது. பெரிய பெண்களின் கோட்டுக்குப் பெரும்பாலும் கண்ணளவுதான். 'லேசாக ஆடுகிறது' என்று ஒருவர் விடுவதை இன்னொருவர் 'வயிற்றை முக்கிப் போகிறார்' என்று எழுதுவார்.

"இரண்டு டாக்டர்கள் படித்தாலும் பத்தில் எட்டு ஒத்துப்போகிறதே" என்பார்கள். அந்த எட்டை அப்படியே நம்ப முடியாது. இரண்டு பேரும் கோட்டையே பார்க்காமல் நூற்றுக்கு எண்பதை நார்மல் என்று எழுதினால்கூட, தற்செயலாகவே 68 ஒத்துப்போகும். அந்த 68-ஐக் கழித்துவிட்டுப் பார்க்கும் அளவுதான் கப்பா. அந்த எண்பது சத ஒற்றுமைக்கு அது வெறும் 0.375 தருகிறது. 1 வந்தால் முழு ஒற்றுமை.

பெண்கள் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. ஆண்களில் ப்ராஸ்டேட் அடைப்பைத் தேடிப் பழகிய கண், உச்சம் வினாடிக்கு 15 மில்லிக்குக் கீழே என்றாலே சந்தேகப்படும். பெண்களுக்கு மூத்திரக்குழாய் சின்னது, சுமார் 4 செ.மீ.; வேகம் இயல்பாகவே அதிகம். அதோடு எவ்வளவு போனார் என்பதைப் பொறுத்து வேகமும் மாறும். 130 மில்லி போனவரின் 14-ம் 500 மில்லி போனவரின் 14-ம் ஒன்றல்ல. 1989-இல் வந்த லிவர்பூல் நோமோகிராம் என்ற அளவு-வேக வரைபடம் பெண்களுக்குத் தனியாக இதைப் போட்டுக் காட்டியது. அப்படியும், ரிப்போர்ட்டில் வெறும் 14-ஐ மட்டும் வட்டம் போட்டு வைத்திருப்பதைப் பார்க்கிறேன். பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. வேகம் குறைவு என்றாலும் அது அடைப்பா, சிறுநீர்ப்பைக்கே பலம் போதவில்லையா என்று இந்தக் கோடு சொல்லாது. அதற்கு உள்ளே அழுத்தம் அளக்கும் சோதனை வேண்டும்.

என் கருத்து இதுதான்: படிப்பவர்களிடையே ஒற்றுமை வர வேண்டுமென்றால், தாளோடு அந்தப் பெண்ணின் வார்த்தையும் போக வேண்டும். "வீட்டில் போற மாதிரிதான் இப்பவும் போனீங்களா?" என்ற ஒரே கேள்வி. கதவுக்கு வெளியே ஆள் நிற்பது தெரிந்தால் யாருக்குத்தான் இயல்பாகப் போகும்? (அந்த ஆள் நான்தான். இப்போது தள்ளிப் போய் நிற்கிறேன்.)

அந்த அம்மாவிடமும் கேட்டேன். "எங்கம்மா, வெளியே யாரோ செருப்பைத் தேய்க்கிற சத்தம், பாதியில நின்னுபோச்சு" என்றார். தண்ணீர் குடிக்கச் சொல்லி, முட்டும் வரை காத்திருக்க வைத்து, மறுபடி எடுத்தோம். கோடு மணி மாதிரி வழவழவென்று வந்தது. முடித்ததும் ஸ்கேனில் பார்த்தால் மிச்சமும் இல்லை. பழைய தாளின் ஓரத்தில் பென்சிலால் 'செருப்புச் சத்தம்' என்று எழுதி இரண்டையும் சேர்த்துப் பின் அடித்து அனுப்பினேன்.