வோல்ற்று குறைந்தால் கேத்தல் பில்லைக் கூட்டுமா?

களுவாஞ்சிகுடிப் பக்கம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுது: "பின்னேரம் வோல்ற்று குறையும்போது கேத்தல் போடாதீங்க, கரண்டைக் கூட இழுக்கும், பில் ஏறும்."

இது பிழை. கேத்தலைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருக்கிற சிட்டையைப் பாருங்க. 230 வோல்ற்று, 2300 வாற்று என்று இருந்தால், வலுவை வோல்ற்றால் பிரிக்க 10 அம்பியர். 230ஐ 10ஆல் பிரிக்கத் தடை 23 ஓம். சுருள் சூடாக இருக்கும்வரை இந்தத் தடை பெரிதாக மாறாது. வோல்ற்று 184 ஆக விழுந்தால் 184 ÷ 23 = 8 அம்பியர். கரண்ட் குறையுதே தவிர கூடல்ல. வலு 184 × 8 = 1472 வாற்று. அதாவது ஐந்தில் ஒரு பங்கு வோல்ற்று போனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வலு போகுது. தேத்தண்ணிக்குத் தண்ணி கொதிக்க ஒன்றரை மடங்கு நேரம் பிடிக்கும், அதனால் அலகு கிட்டத்தட்ட அதேதான். தாமதத்தில் வெளியே போகிற சூடு மட்டும் கொஞ்சம் கூட.

கதை எங்கிருந்து வந்ததென்று ஊகிக்கலாம்: கிணற்று மோட்டர் வோல்ற்று குறைந்தால் கூடுதல் அம்பியர் இழுத்துச் சூடாகும். அது வேறு விசயம். கேத்தலில் மோட்டர் இல்லையே.

சந்தேகமென்றால் சாதாரண தரம் படிக்கிற பிள்ளையின் விஞ்ஞானப் புத்தகத்தில் ஓமின் விதியைப் பாருங்க. அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீங்க.