நோமெக்ஸ் துவைத்தால் கரைந்துபோகாது

"விமானிகள் போடும் நோமெக்ஸ் உடையை அடிக்கடி துவைக்காதீர்கள், தீத்தடுப்புப் பூச்சு கரைந்துவிடும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. நோமெக்ஸில் பூச்சே கிடையாது. டூபாண்ட் நிறுவனம் 1960-களில் கொண்டுவந்த அராமிட் என்ற செயற்கை இழை அது. தீயைத் தாங்கும் குணம் இழையின் மூலக்கூறிலேயே இருக்கிறது. நைலான் மாதிரி உருகித் தோலில் ஒட்டாது, கடும் வெப்பத்தில் கருகித் தடிக்கும்.

துவைக்காமல் விடுவதுதான் வம்பு. ஹெலிகாப்டரைச் சோதிக்கக் குனிந்து நிமிர்ந்ததில் ஹைட்ராலிக் எண்ணெயும் எரிபொருளும் முழங்கையில் ஊறியிருக்கும். துணி தாங்கினாலும் அந்த எண்ணெய் பற்றி எரியும்.

துவைப்பதில் பார்க்க வேண்டியது வேறு. குளோரின் பிளீச் இழையையே பலவீனமாக்கும். கஞ்சியும் துணி மென்மையாக்கியும் எரியக்கூடிய படிவை விட்டுவைக்கும். (மொடமொடவென்று இஸ்திரி போட ஆசைப்படுபவர்கள் மன்னிக்கவும்.)

தீத்தடுப்பு ரசாயனம் ஏற்றிய பருத்தி உடைகள் சிலவற்றுக்கு, அடிக்கடி துவைக்காதீர்கள் என்ற எச்சரிக்கை ஓரளவு பொருந்தும், குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம். இன்னொன்று: உள்ளே பாலியஸ்டர் பனியன் வேண்டாம். வெளியுடை முழுசாக இருக்கும்போதே அது சுமார் 255 டிகிரி செல்சியஸில் உருகி உடம்பில் ஒட்டிவிடும். பருத்தியே போடுங்கள்.