பெட்டி பிரிக்காத ஜோடி எனக்கு வேண்டாம்

பழைய ஸ்னீக்கர் சேகரிக்கும் தம்பிமாருக்கு இந்தப் பதிவு. இணையத்தில் ஒரு ஜோடியைப் பார்த்ததும் நீங்கள் முதலில் கேட்பது ‘ஒரிஜினலா?’. அடுத்தது ‘போட்டதா, போடாததா?’. போடாதது என்று பதில் வந்துவிட்டால் விலை எகிறிவிடும், அப்படியும் அதற்குத்தான் அடித்துக்கொள்கிறீர்கள். என் கட்சி வேறு. மலேசியாவின் பேராக்கில், சுங்கை சிப்புட் மாதிரி ஈரக் காற்று அடிக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு வாங்குகிறவன் போட்டுத் தேய்ந்த ஜோடியைத்தான் தேட வேண்டும்.

என் அத்தை மகன், கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டான் பெயரில் நைக்கி செய்யும் ஏர் ஜோர்டான் வரிசையில் 1989ஆம் ஆண்டு மாடலான ஏர் ஜோர்டான் 4 ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தான். பெட்டி, உள்தாள், தொங்கும் அட்டை எல்லாமே இருந்தன. ஒரிஜினல்தான், அதில் எனக்கும் சந்தேகமில்லை. குதிகால் பக்கம் மிட்சோலை, அதாவது அடிக்கும் மேல் பாகத்துக்கும் நடுவில் இருக்கும் மெத்தையை, கட்டைவிரலால் லேசாக அழுத்தினேன். மேல் பெயிண்ட் மட்டும் தோலாக நின்றது, உள்ளே இருந்ததெல்லாம் புட்டு மாதிரி உதிர்ந்து மேசையில் கொட்டியது. விற்றவரிடம் கேட்டால், “காலில் போடலாம் என்று நான் எங்கே சொன்னேன்?” என்கிறார். சொல்லவில்லைதான். ஆனால் உள்ளே செத்துப்போனதை முழு உயிரோடு இருப்பதுபோல் படம் பிடித்துப் போட்டவர் அவர்தானே.

இதில் மர்மம் ஒன்றுமில்லை. ஜோர்டான் 3, 4 போன்றவற்றின் மிட்சோல் பாலியூரிதேன். காற்றிலுள்ள ஈரம் அதன் மூலக்கூறு இணைப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். வேதியியலில் இதை நீராற்பகுப்பு என்பார்கள். காலில் படாமலே பத்துப் பதினைந்து வருடத்தில் வேலை முடிந்துவிடலாம். பீரோவில் தொங்கும் தோல் பெல்ட்டுக்கே பூசணம் பூக்கும் ஊர் நம்முடையது. அட்டைப் பெட்டியும் சிலிக்கா பொட்டலமும் கொஞ்ச நாள் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

இங்கேதான் ஏமாற்று வேலை நுழைகிறது. சுத்தப் போலி வருவது புது மாடல்களில்தான் அதிகம். பழையதில் நடப்பது நுணுக்கமான வேலை. உதிர்ந்துபோன அடியைக் கழற்றிவிட்டு, புது ரெட்ரோ (பழைய மாடலின் மறுவெளியீடு) ஜோடியின் அடியை ஒட்டுவார்கள். சொல்லிவிட்டுச் செய்தால் அது நல்ல கைவேலை, நானே பாராட்டுவேன். சொல்லாமல் ‘89 ஒரிஜினல்’ என்று போடும்போதுதான் வயிறு எரிகிறது. இன்னொன்று, மறுவெளியீட்டை முதல் வெளியீடு என்று தள்ளிவிடுவது. ஜோர்டான் 1 முதலில் வந்தது 1985இல், மறுபடி வந்தது 1994இல். அந்த 94 ஜோடியே இன்றைக்குக் கிழம். அதனால் மஞ்சள் பிடித்திருக்கிறது என்பதை மட்டும் வைத்து வயதைச் சொல்ல முடியாது.

போட்ட ஜோடி பொய் சொல்வது கஷ்டம். குதிகாலின் வெளி ஓரம் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும். உள்ளே பாதம் படும் இன்சோலின் எழுத்து குதிகாலுக்குக் கீழே அழிந்து, நடுவில் மட்டும் தெளிவாக இருக்கும். உள் துணி பின்பக்கம் கிழிந்திருக்கும். அடி மஞ்சளாகியிருந்தால் வெயில் பட்ட பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருக்கும். தேநீர் சாயம் பூசிப் பழசாக்குகிறவர்கள் எல்லா இடத்திலும் ஒரே நிறமாகப் பூசித் தொலைப்பார்கள். மேல் பாகம் நன்றாகத் தேய்ந்திருக்க அடி மட்டும் பளபளவென்று இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

‘போட்டால் மதிப்பு போய்விடுமே அண்ணே’ என்று யாராவது எழுதுவீர்கள், தெரியும். 2020இல் சோதபிஸ் ஏலத்தில் 560,000 டாலருக்குப் போன ஜோர்டான் 1, மைக்கேல் ஜோர்டான் ஆட்டத்தில் போட்டுக் கையெழுத்திட்டது. 2023இல் 2.2 மில்லியன் டாலருக்குப் போய் அன்றைக்குச் சாதனை படைத்த ஜோர்டான் 13, அவர் 1998 என்பிஏ கூடைப்பந்து இறுதிச் சுற்றில் போட்டு ஆடியது. நம் கால் ஜோர்டான் கால் இல்லைதான், இருந்தாலும் தேய்மானத்தைக் கண்டு மூக்கைச் சுளிப்பானேன்?

காசு போட வேண்டுமென்றால் ரப்பர் அடியில் போடுங்கள், அது பாலியூரிதேன் மாதிரி ஈரத்தில் உதிராது. கேன்வாஸ் சப்பாத்துக்குப் பேர்போன கான்வர்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் தன் கடைசித் தொழிற்சாலையை மூடியது 2001இல். அதனால் குதிகால் முத்திரையில் ‘மேட் இன் யுஎஸ்ஏ’ இருந்தால் வயதுக்கு அதுவே முதல் சாட்சி. 2013இல் வந்த கான்வர்ஸ் ‘சக் 70’ பழைய ஜாடையில் செய்தது, அதன் குதிகாலில் இந்த வரி கிடையாது. அதை 70களின் ஜோடி என்று விற்கிற கூட்டம் இருக்கிறது, உஷார்.

நம் வீட்டுப் பக்கத்திலும் பாருங்கள். கிள்ளானின் பங் கியோங் சப்பாத்து, பல்லாஸ் ஜாஸ் கேன்வாஸ் சப்பாத்து எல்லாம் பண்டல் கடையில் (பழைய துணிமணி விற்கும் கடை) கண்ணில் பட்டால் விடாதீர்கள். பள்ளிச் சப்பாத்து 2021இலிருந்து கறுப்பாகிவிட்டது, வெள்ளைக் கேன்வாஸ் இனிமேல் குறையத்தான் செய்யும். ‘அடிடாஸ் கம்போங்’ என்று நாம் கிண்டலாகக் கூப்பிடும் சப்பாத்து என்றால் சிரிக்கிறீர்கள். முழுக்க ரப்பர், அடியில் முள்முள்ளாகப் பிடிமானம். எங்கள் அம்மா ரப்பர் பால் எடுக்க மரம் வெட்டப் போட்டுப் போனது அதுதான், இன்று காடு ஏறுகிறவர்கள் தேடி வாங்குவதும் அதுதான். பக்கத்துக் குவாலா கங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் கன்றுகளின் தலைமுறை மரம் ஒன்று இன்னும் நிற்கிறது. ரப்பரைப் பற்றிப் பேச பேராக்காரனுக்கு இல்லாத உரிமை வேறு யாருக்கு?

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் வரியையும் கணக்கில் சேருங்கள். 2024 ஜனவரியிலிருந்து 500 வெள்ளிக்கு (ரிங்கிட்) உட்பட்ட இணைய இறக்குமதிக்கும் 10 விழுக்காடு உண்டு.

வெள்ளை பல்லாஸ் ஜாஸ், 8ஆம் அளவு, யாரிடமாவது இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள். அழுக்காக இருந்தாலும் பரவாயில்லை. அடியை வளைத்துக் காட்டும் வீடியோ மட்டும் வேண்டும், அதைப் பார்க்காமல் விலை பேச மாட்டேன்.