குளியலறைக் கதவுக்குப் பின்னால் இரண்டு கேன்

புயல் ஓய்ந்த பிறகும் நாலு நாள் மின்சாரம் வரவில்லை. சில வருடங்கள் ஆகிவிட்டன, இப்போது சொல்லலாம். முதல் நாள் சாயங்காலமே இரண்டு தண்ணீர் கேன்களைக் குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். எதிர் வீட்டுக்காரர் வந்து "தண்ணி ஏதாவது இருக்கா சார்?" என்று கேட்டார். கொஞ்சமும் தயங்காமல் "இல்லையே சார்" என்றேன். அவர் வீட்டில் கைக்குழந்தை இருந்தது எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் காலையில் ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு போய், இப்போதுதான் கிடைத்தது என்று சொல்லிக் கொடுத்தேன். இன்னொன்றைக் கொடுக்கவில்லை.

அன்று ராத்திரி எல்லோரும் காற்றுக்காக மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம். மேல் தளத்துப் பையன் ஒருவன், பத்து வயதிருக்கும், உருகி வழிந்த மெழுகைச் சுரண்டிச் சேர்த்துப் பிசைந்து செஸ் காய்கள் செய்துகொண்டிருந்தான். கறுப்புக் காய்களுக்குத் தீக்குச்சிக் கரியைக் குழைத்திருந்தான். சிப்பாய்கள் சீக்கிரம் முடிந்துவிட்டன. குதிரைக்குக் காது வைக்கத்தான் நேரம் பிடித்தது. நகத்தால் கிள்ளி வைப்பான், விழும், மறுபடி வைப்பான்.

சமூகம் சரிந்தால் மனிதனின் உண்மை முகம் தெரிந்துவிடும் என்று எழுதுகிறவர்களைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் படிக்கட்டு ஞாபகத்துக்கு வருகிறது. எந்த முகம்? கேனை ஒளித்தவனும் அங்கேதான் இருந்தான், குதிரைக்குக் காது வைத்தவனும் அங்கேதான் இருந்தான். என்னையே எடுத்துக்கொண்டால், ஒளித்ததும் நான், பாதியைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் நான். இதில் ஒன்று நிஜம், மற்றது வேஷம் என்று பிரிப்பது எனக்குச் சோம்பேறித்தனமாகப் படுகிறது.

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்போம். அந்தப் பத்து என்னென்ன என்று பழைய பாட்டில் பட்டியலே உண்டு: மானம், குலம், கல்வி, அறிவுடைமை, தானம், தவம் என்று போகும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை சோவியத் நகரமான லெனின்கிராடைச் சுற்றி வளைத்த முற்றுகை 872 நாள் நீடித்தது. 1941 குளிர்காலத்தில் வேலையில் இல்லாதவர்களுக்கு ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டி, அதிலும் கலப்படம். மனித மாமிசம் தின்றதற்காகக் கைதானவர்களைப் பற்றிய போலீஸ் கோப்புகள் இருக்கின்றன, அதை மறைக்க வேண்டியதில்லை. அதே ஊரில், தாவர விஞ்ஞானி வாவிலோவ் சேர்த்த விதைக் களஞ்சியத்தில், அரிசி ஆராய்ச்சியாளர் ஒருவர் ஆயிரக்கணக்கான அரிசிப் பொட்டலங்களுக்கு நடுவே பட்டினியால் செத்தார். ஒரு பொட்டலத்தைக்கூடப் பிரிக்கவில்லை. (வாவிலோவும் 1943-ல் பட்டினியால்தான் இறந்தார். ஆனால் அது ஸ்டாலினின் சிறையில்.) 1942 ஆகஸ்ட் 9 அன்று அங்கே இசையமைப்பாளர் ஷோஸ்தகோவிச்சின் புதிய சிம்பொனியை வாசித்தார்கள். வாத்தியக் குழுவில் பல பேர் செத்தோ படுத்தோ கிடந்ததால், ராணுவத்திலிருந்து வாசிக்கத் தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

பத்தும் பறந்தது நிஜம்தான். ஆனால் எல்லோரிடமிருந்தும் பறக்கவில்லை. அப்புறம், அந்தப் பட்டியலில் பாட்டு இல்லை என்பதையும் கவனித்தேன்.

இதற்காகச் சரிவுதான் கலைக்கு உரம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என்ன அழிகிறது, என்ன தங்குகிறது என்பதற்கு எனக்குப் பிடித்த சாட்சி கிரேக்கம். கி.மு. 1200 வாக்கில் அங்கிருந்த அரண்மனைகள் எரிந்தன. சுவரோவியம் போயிற்று, பெரிய கல் கட்டடங்கள் போயின, எழுத்தும் போயிற்று. லீனியர் பி என்கிற அந்த எழுத்து அரண்மனைக் கணக்கர்களின் கையில் மட்டுமே இருந்தது. அதில் அவர்கள் எழுதியதெல்லாம் ஆடு எத்தனை, கம்பளி எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, தேர்ச் சக்கரத்தில் எது உடைந்தது என்பதுதான். ஒரு பாட்டு கிடையாது. பச்சை மண் பலகையில் எழுதிய அந்தக் கணக்கு, அரண்மனையை எரித்த தீயிலேயே வெந்து கெட்டிப்பட்டதால்தான் நமக்குக் கிடைத்தது. 1952-ல் மைக்கேல் வென்ட்ரிஸ் என்ற கட்டடக் கலைஞர் அதைப் படித்துக் காட்டும்வரை மூவாயிரம் வருடம் அதை வாசிக்க ஆளில்லை.

அதற்குப் பிறகு ஏறக்குறைய 400 வருடம் அந்த மண்ணில் எழுத்தே இல்லை. பிறகு ஃபினீஷியர்கள் என்ற கடல் வணிகர்களிடமிருந்து எழுத்தை வாங்கிக்கொண்டார்கள். அப்படித் திரும்பி வந்த எழுத்தில் நமக்குக் கிடைத்திருப்பவற்றில் மிகப் பழையவற்றுள் ஒன்று, 1871-ல் ஏதென்ஸில் எடுத்த ஒரு மண் கூஜாவில் இருக்கிறது. கி.மு. 740 வாக்கில், சுட்டு முடித்த கூஜாவில் யாரோ கீறியது. ஆடுகிறவர்களில் எவன் இப்போது மிக லாவகமாக ஆடுகிறானோ, இது அவனுக்கு என்று சொல்ல வரும் ஒரு வரி. மிச்ச எழுத்து சரியாகப் படிக்க முடியாதபடி கோணிக்கொண்டு போகிறது. ஆனால் முதல் வரியில் யாப்பு பிசகவில்லை. அந்தச் சந்தம் அன்றைக்கு முளைத்ததாக இருக்க முடியாது. எழுத்தில்லாத அத்தனை வருடமும் வாய்க்கு வாய் வந்திருக்க வேண்டும். கூஜா வனையும் கையும் அப்படித்தான்.

அரண்மனைக் கணக்கர்களிடம் மட்டும் இருந்தது செத்தது. ஊர் முழுக்க வாயிலும் கையிலும் இருந்தது பிழைத்தது.

அதனால் மனிதர்கள் மிருகமாகிவிடுவார்கள் என்ற பயம் எனக்கு அவ்வளவாக இல்லை. அந்த இரண்டாம் நாள் ராத்திரி வேறொன்றுக்குப் பயந்தேன். போன் செத்துக் கிடந்தது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண்கள் இரண்டே இரண்டு. அதில் ஒன்று, எப்போதோ துண்டித்துவிட்ட பழைய வீட்டு லேண்ட்லைன். சரி, நடப்பதையாவது எழுதி வைப்போம் என்று பேனாவை எடுத்தேன். நாளெல்லாம் டைப் செய்கிற ஆள் நான். அரைப் பக்கம் தாண்டுவதற்குள் கை வலித்தது. எழுத்து வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. இப்போது வாக்கியம் அமைப்பதைக்கூட மிஷினிடம் விடத் தொடங்கியிருக்கிறோம். அந்த மிஷின் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தவர்கள் எத்தனை பேர்? எனக்கு அரண்மனைக் கணக்கர்கள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

அந்தப் பையனிடம், இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். குதிரையின் இரண்டாவது காதை அழுத்திக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னான்: "யாரும் இல்ல அங்கிள். இங்க எல்லாருக்கும் ஆடத் தெரியும். காய்தான் இல்ல."