வலிக்கு மனநோய் மாத்திரையா?

"டுலோக்செட்டின் மனநோய் மாத்திரை, கால் எரிச்சலுக்கு எழுதினால் ஏமாற்று வேலை, உடனே நிறுத்துங்கள்" என்று மேலே ஒருத்தர் போட்டிருக்கிறார். ஏமாற்று வேலை என்பதும், உடனே நிறுத்தச் சொல்வதும் ரெண்டுமே தப்பு. மூளையிலிருந்து தண்டுவடம் வழியாக வலியை அடக்குகிற நரம்புப் பாதைக்கும் செரட்டோனின், நாரட்ரினலின் என்கிற ரசாயனங்கள் வேணும், இந்த மருந்து கூட்டுவது அதைத்தான். அமெரிக்காவில் மனச்சோர்வுக்கும் சர்க்கரை நோயாளிகளின் நரம்பு வலிக்கும் 2004-லேயே, ஒரே வருஷத்தில், அனுமதி கொடுத்துவிட்டார்கள்.

எல்லாருக்கும் கேட்காது, அது உண்மை. குடியாத்தத்தில் எங்கம்மாவுக்கு 30 மில்லிகிராமில் ஆரம்பித்து 60 ஆக்கினார்கள், முதல் பத்து நாள் குமட்டல், வாய் வறட்சி என்று புலம்பித் தீர்த்தார், அப்புறம் மூணாவது வாரம்தான் கால் எரிச்சல் தணிந்து ராத்திரி தூங்கினார். காட்பாடி சித்தப்பா மனச்சோர்வுக்குச் சாப்பிட்டார், அவருக்கு வியர்வைதான் மிச்சம் (நம்ம ஊர் வெயிலுக்கு அது வேறயா!), கடைசியில் டாக்டர் வேறு மருந்துக்கு மாற்றினார்.

ஆனால் அந்த "உடனே நிறுத்துங்கள்" இருக்கிறதே, அதுதான் ஆபத்து. திடீரென விட்டால் தலைசுற்றல், சிடுசிடுப்பு, தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி வெட்டு எல்லாம் வரலாம். டாக்டரிடம் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்கணும். ட்ரமடால் மாதிரி வலி மாத்திரையோ குடிப்பழக்கமோ இருந்தால் அதையும் மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள்.