ஆட்டோகிராஃப் வரிசையை விட்டு வெளியே வாருங்கள்

அமெரிக்காவின் அனாஹெய்ம் நகரில் நடக்கும் 'நேம்' (NAMM) இசைக்கருவிக் கண்காட்சிக்குப் போய்வரும் நம்மவர்கள் இப்போது அதிகம். சந்தோஷம். ஆனால் அவர்கள் பகிரும் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் மனத்தில் ஒரு குறை எழுகிறது. எல்லாப் படத்திலும் ஒரு கிதார் மேதையோ டிரம்ஸ் மேதையோ இருக்கிறார், தோளில் கை போட்டபடி நம் ஆள் சிரிக்கிறார். அந்த மேதையின் கையில் இருக்கும் கருவியை வடிவமைத்தவர் அதே கூடத்தில் நாற்பதடி தள்ளி நின்றிருப்பார். அவரோடு எடுத்த படம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. இந்தப் பதிவு அவர்களுக்காக.

நான் சென்னையில் கீபோர்டு பழுது பார்ப்பவன். மெல்லிசைக் குழுக்கள், தேவாலயங்கள், ஒலிப்பதிவுக் கூடங்கள் என்று எங்கிருந்து வரும் கருவியானாலும் அதைக் கவிழ்த்துப் போட்டுத் திருகாணியைக் கழற்றுவதுதான் என் பிழைப்பு. ஒருவர் எப்படி வாசிக்கிறார் என்பதை மேடையில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஒருவர் எப்படி யோசித்தார் என்பது கருவியின் வயிற்றைத் திறந்தால்தான் தெரியும். எந்த இடத்தில் கஞ்சத்தனம் காட்டினார், எந்த இடத்தில் கூடுதலாக இரண்டு காசு செலவழித்தார், பின்னால் ஒருவன் இதைப் பழுது பார்க்க வருவான் என்று நினைத்தாரா இல்லையா, எல்லாம் அங்கே எழுதியிருக்கும். அந்தக் கையெழுத்துகளைத்தான் நான் ஆண்டுக்கணக்கில் வாசித்துவருகிறேன்.

2015 ஜனவரியில் அந்தக் கண்காட்சிக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தது. அது பொதுமக்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு நுழையும் பொருட்காட்சி இல்லை. 1901-ல் தொடங்கிய வணிகர் சங்கம் ஒன்று தன் தொழிலைச் சேர்ந்தவர்களுக்காக நடத்துவது. இசைக்கருவி இறக்குமதி செய்யும் நண்பர் ஒருவர் தம் ஆளாக என்னையும் பதிவு செய்து கழுத்தில் அட்டை மாட்டி அழைத்துப் போனார். டிஸ்னிலேண்டுக்கு எதிரே உள்ள மாநாட்டு மையம். உள்ளே நுழைந்ததும் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் ஆயிரம் பாட்டு வாசிக்கும் சத்தம். டிரம்ஸ் பகுதியில் பக்கத்தில் நிற்பவரிடம் பேச வேண்டுமென்றால் காதில் வாய் வைத்துத்தான் பேச வேண்டும்.

வரிசைகளைப் பற்றிச் சொல்கிறேன். இன்ன கலைஞர் இன்ன மணிக்கு இந்த அரங்கில் கையெழுத்திடுவார் என்று நிறுவனங்கள் அறிவிப்பு ஒட்டியிருக்கும். ரசிகர்கள் சுவரை ஒட்டி நிற்பார்கள். முறை வந்ததும் ஒரு சுவரொட்டியில் கையெழுத்து, ஒரு படம், "உங்கள் இசை என் வாழ்க்கையை மாற்றியது" என்று ஒரு வாக்கியம், அவ்வளவுதான், அடுத்தவர் வந்துவிடுவார். விக்டர் வூட்டன், பில்லி ஷீஹன் போன்ற பேஸ் கிதார் பெருங்கலைஞர்கள் அங்கே பலமுறை வந்து வாசித்திருக்கிறார்கள். கூட்டம் அவர்களை மொய்ப்பதில் வியப்பில்லை. இதை விளம்பரம் என்று ஒதுக்கவும் என்னால் முடியாது. கிதார் கலைஞர் ஸ்டீவ் வாய் தம் யோசனைகளைக் கொட்டி உருவாக்கிய, ஐபனெஸ் நிறுவனத்தின் ஜெம் கிதார் 1987-ல் சிகாகோவில் நடந்த இதே சங்கத்தின் கோடைக் கண்காட்சியில்தான் அறிமுகமானது. கலைஞரும் பட்டறையும் சேர்ந்து உட்கார்ந்தால் என்ன பிறக்கும் என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் அந்தக் கிதாருக்காகப் பட்டறையில் இழைத்தவர்களின் பெயரை வரிசையில் நிற்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவருக்கும் தெரியாது.

பார்வையற்ற அமெரிக்கப் பாடகரும் கீபோர்டு கலைஞருமான ஸ்டீவி வொண்டர் இந்த விஷயத்தில் ரசிகர்களுக்கே பாடம் நடத்தக் கூடியவர். பல ஆண்டுகளாக இந்தக் கண்காட்சிக்கு வருகிறவர். அவர் எதற்காக வருகிறார்? கருவிகளைத் தொட்டுப் பார்க்க. அரங்கு அரங்காகப் போய், புதிதாக வந்த கீபோர்டு முன் உட்கார்ந்து, செய்தவரிடம் கேள்வி கேட்க. பார்வையற்றோருக்குப் புத்தகம் வாசித்துக் காட்டும் இயந்திரத்தைக் கண்டுபிடிப்பாளர் ரே கர்ஸ்வைல் 1976-ல் வெளியிட்டபோது முதல் ஆளாய் அதைத் தேடிப் போனவர்களில் வொண்டரும் ஒருவர். அந்த நட்பில், மின்னணுக் கருவியில் நிஜப் பியானோவின் செழுமை வராதா என்று அவர் கேட்ட கேள்வியிலிருந்துதான் 1984-ல் கர்ஸ்வைல் 250 என்ற கீபோர்டு வந்தது. கிதாரையும் பியானோவையும் ஒரே பலகையில் இணைத்தது போன்ற ஹார்ப்பெஜி என்ற கருவியை அவரும் வாசிக்கிறார், நம் ஏ. ஆர். ரஹ்மானும் வாசிக்கிறார். அதை உருவாக்கியது ஒரு சின்ன நிறுவனம். ரசிகர்கள் யாரைத் தேடி வருகிறார்களோ அவரே செய்தவர்களைத் தேடிப் போகிறார். அவர் போகும் திசையில் நாமும் போனால் என்ன?

என் நாயகர்களுக்கு வருகிறேன். இகுதாரோ ககேஹாஷி, டேவ் ஸ்மித். ஒருவர் ஜப்பானில் ரோலண்ட் நிறுவனத்தை நிறுவியவர். மற்றவர் கலிஃபோர்னியாவில் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனத்தை நடத்தி, 1978-ல் புரோஃபெட்-5 என்ற சிந்தசைசரை, அதாவது மின்சுற்றுகளால் ஒலியை உருவாக்கும் கீபோர்டைத் தந்தவர். அதுவரை பெரும்பாலும் ஒரு ஒலியை அமைக்க எல்லாக் குமிழ்களையும் திருகி, பிறகு அதைத் தாளில் குறித்து வைத்துக்கொண்டிருந்தார்கள். புரோஃபெட்-5 அந்த அமைப்பைத் தன் நினைவில் பதித்து, ஒரு பொத்தானை அழுத்தியதும் திருப்பித் தந்தது.

இருவரும் போட்டியாளர்கள். அன்று ஒவ்வொரு நிறுவனத்தின் கருவிக்கும் தனித்தனி இணைப்பு முறை. ஒருவருடையது இன்னொருவருடையதோடு பேசாது. இது இப்படியே போனால் வாங்குகிறவன்தான் தவிப்பான் என்று முதலில் கவலைப்பட்டவர் ககேஹாஷி. 1981-ல் அவர் பேச்சைத் தொடங்கினார். ஸ்மித் அதற்கான வரைவை எழுதினார். 1983 ஜனவரியில், இதே கண்காட்சியில், ஸ்மித்தின் புரோஃபெட்-600 கருவியையும் ரோலண்டின் ஜூப்பிடர்-6 கருவியையும் ஒரு கேபிளால் இணைத்தார்கள். ஒன்றில் வாசித்தால் மற்றொன்று ஒலித்தது. அந்தப் பொது இணைப்பு முறைதான் மிடி. உலகத்தில் யார் வேண்டுமானாலும் கட்டணம் தராமல் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டார்கள். கோடம்பாக்கத்தில் எண்பதுகளின் பிற்பகுதியிலிருந்து சீக்வென்சரோடு (சுரங்களை வரிசையாகப் பதிந்துவைத்துக் கருவிகளை வாசிக்க வைக்கும் சாதனம்) உட்கார்ந்த ஒவ்வொரு கலைஞரும் அந்தப் பெருந்தன்மையின் பயனை அனுபவித்தவர்தான்.

இதில் என்னை உருக்குவது ஒரு சின்னப் பாகம். மிடி உள்வரும் சாக்கெட்டுக்குப் பின்னால் ஆப்டோகப்ளர் என்ற ஐசி (மின்னணுச் சில்லு) ஒன்று இருக்கும். கேபிளில் வரும் மின்சாரம் அதற்குள் ஒரு நுண்விளக்கை எரிக்கும். எதிரே இருக்கும் ஒளி உணரி அந்த வெளிச்சத்தைப் பார்த்து மறுபடி மின்சாரமாக்கும். ஆக, இரண்டு கருவிகளுக்கும் நடுவே மின்தொடர்பே கிடையாது. வெளிச்சம் மட்டும்தான் போகிறது. எர்த் இணைப்பு வழியாக வரும் உறுமல் இரைச்சல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. திருவிழா மேடையில் ஜெனரேட்டர் மின்சாரத்தில் கருவியை ஓட்டுகிற நம் ஊர்க் குழுக்களுக்கு அது எவ்வளவு பெரிய காவல் என்று எனக்குத் தெரியும். அந்த ஐசி போனால் மலிவாக இன்னொன்று வாங்கி மாற்றிவிடலாம். முப்பது வருடப் பழைய கருவியும் மறுபடி பேசும்.

ககேஹாஷி தொடக்கத்தில் கடிகாரம் பழுது பார்த்தவர். 16 வயதில் கடை போட்டார். பிறகு வானொலிப் பெட்டி, பிறகு ஆர்கன். காசநோயால் ஆண்டுக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்து எழுந்தவர். ரோலண்டைத் தொடங்கியது 1972-ல். ஒரு பழுது பார்ப்பவன் உலக இசையின் நரம்பு மண்டலத்தையே அமைத்தான் என்ற செய்தி என் தொழிலில் இருக்கும் எவனுக்கும் நெஞ்சு நிமிர்த்தும் செய்தி. 2013-ல் இருவருக்கும் மிடிக்காகத் தொழில்நுட்பக் கிராமி விருது கிடைத்தது. முப்பது ஆண்டு கழித்து! பரவாயில்லை, கிடைத்ததே.

நான் போன 2015 கண்காட்சி டேவ் ஸ்மித்துக்கு முக்கியமானது. எண்பதுகளின் இறுதியில் அவருடைய நிறுவனம் நொடித்துப் போய், பெயர் உரிமை யமஹாவிடம் போயிருந்தது. அந்தப் பெயரை யமஹா அவருக்கே திருப்பித் தந்தது. தரச் சொல்லி ஊக்குவித்தவர் ககேஹாஷி. போட்டி நிறுவனத்தின் முதியவர் ஒருவர், இன்னொரு போட்டி நிறுவனத்திடம், மூன்றாமவருக்காகப் பேசியிருக்கிறார். அந்தப் பெயரைத் தாங்கிய புரோஃபெட்-6 அந்த ஆண்டு அரங்கில் இருந்தது. ஸ்மித்தைச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தேன். கூட்டம் இருந்தது, ஆனால் எல்லாரும் கருவியைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார்கள். ககேஹாஷி 2017-லும் ஸ்மித் 2022-லும் மறைந்தார்கள். இனி யாரும் வரிசையில் நின்றாலும் அவர்களைப் பார்க்க முடியாது.

ரோஜர் லின் இருக்கிறார். நிஜ டிரம்ஸ் ஒலிகளைப் பதிந்து வைத்து ஒலிக்கும் முதல் டிரம் இயந்திரத்தை 1980-ல் கொண்டுவந்தவர். அவருடைய இப்போதைய கருவி லின்ஸ்ட்ரூமென்ட். எட்டு வரிசை, வரிசைக்கு 25 கட்டம், மொத்தம் 200. கட்டங்களின் மேல் மெத்தென்ற சிலிக்கோன் ரப்பர் விரிப்பு, அடியில் வண்ண விளக்குகள். விரலை வைத்து அசைத்தால் சுரம் அசைகிறது. அழுத்தினால் ஒலி கனக்கிறது. காந்தாரத்திலிருந்து மத்யமத்துக்கு வழுக்கிப் போனேன், நடுவில் ஒரு பிசிறும் இல்லை. சாதாரணக் கீபோர்டில் கமகத்துக்காக இடது கையால் சுரத்தை வளைக்கும் சக்கரத்தைத் திருகித் திருகிச் சலித்தவர்களுக்கு அந்த ஒரு வினாடி என்னவென்று புரியும். ரஹ்மான் சிவப்புப் பட்டையில் விரலை இழைத்து வாசிக்கும் கன்டினுவம் கருவியைப் பார்த்திருப்பீர்கள். அதைச் செய்த லிப்போல்ட் ஹேக்கன் இன்னொரு பெரிய மனிதர். நம் இசைக்கு இவர்கள் செய்திருக்கும் உபகாரம் சாதாரணமானதில்லை.

ஆனால் என் மனத்தில் அழியாமல் நிற்பவர் பெயர் வெளியே தெரியாத ஒருவர். பெரிய நிறுவனம் ஒன்றின் அரங்கில் ஓரமாக உட்கார்ந்திருந்த வயதான ஜப்பானியப் பொறியாளர். குறைந்த விலைக் கீபோர்டுகளை வடிவமைக்கும் குழுவில் இருந்தவர் என்று அங்கிருந்த இளைஞர் சொன்னார். என் போனில் இருந்த படங்களைக் காட்டினேன். கடற்கரைத் தேவாலயம் ஒன்றிலிருந்து வந்த கருவி. உப்புக் காற்றில் செம்புத் தடங்கள் பச்சை பூத்து, கட்டைகளுக்கு அடியில் இருக்கும் ரப்பர் பட்டைகளில் எறும்பு கூடு கட்டியிருந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு போனை மூக்கருகே வைத்துப் பார்த்தார். முகம் சுளிக்கவில்லை.

"எறும்பு எந்த வழியாக உள்ளே போகிறது?" என்று இளைஞர் மூலம் கேட்டார்.

"ஹெட்போன் சாக்கெட் ஓட்டை வழியாக ஐயா. கட்டைகளின் முன்பக்க இடுக்கு வழியாகவும் போகும்."

சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து அந்த இடுக்கைப் பக்கவாட்டில் வரைந்தார். என்னிடம் நீட்டினார். நான் எறும்பின் பாதையைக் கோடிட்டுக் காட்டினேன். ஆண்டில் எத்தனை மாதம் புழுக்கம், கருவியை மூடி வைப்பார்களா, துணியா பிளாஸ்டிக்கா என்று கேட்டுக்கொண்டே எழுதினார். பிறகு நான் கேட்டேன். அந்த வகைக் கீபோர்டில் மின்சாரம் செருகும் சாக்கெட் மட்டும் பெரிய சர்க்யூட் போர்டில் இல்லாமல் தனியாக ஒரு குட்டிப் போர்டில் இருக்கிறதே, ஏன்? ஏனென்றால் நம்மிடம் முதலில் உடைவது அந்தச் சாக்கெட்தான். வயரைக் காலால் இடறுவார்கள். மற்ற கருவிகளில் அது உடைந்தால் பெரிய போர்டின் தடமும் சேர்ந்து பெயர்ந்துவிடும், வேலையும் செலவும் ஏறும். இதில் குட்டிப் போர்டை மட்டும் மாற்றினால் முடிந்தது.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். விலையைக் குறைக்கச் சொல்லி எல்லா இடத்திலும் வெட்டினார்கள் என்றும், அந்தக் குட்டிப் போர்டையும் எடுக்கச் சொன்னார்கள் என்றும், அதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை என்றும் சொன்னார். தூர தேசத்தில் யாரோ ஒருவர் இதைத் திறப்பார் என்று தெரியும் என்றார். அந்த யாரோ நான்தான். எழுந்து நின்று இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குப் பேச்சு வரவில்லை.

அவரைச் சுற்றி ஒருவரும் இல்லை என்பதால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேச முடிந்தது. நாயகர்களைச் சந்திக்கும் ஆசை கொண்டவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் கருவியை எடுத்துக்கொண்டு போங்கள், இல்லையென்றால் அதன் படத்தையாவது. ஏன் இப்படி வைத்தீர்கள் என்று ஒரு கேள்வி கேளுங்கள். வாசிப்பவரிடமும் அதையே கேட்கலாம். இந்தத் தந்தியை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டால் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும் கலைஞரும் தலை நிமிர்வார்.

இந்தச் சங்கம் இன்னொரு வேலையும் செய்கிறது. 2000-லிருந்து இசைக்கருவித் தொழிலில் இருப்பவர்களை உட்கார வைத்துப் பேட்டி எடுத்துப் பதிந்து வைக்கிறது. பியானோ சுருதி சேர்த்தவர், கடை வைத்திருந்தவர், மரம் அறுத்தவர் என்று ஆயிரக்கணக்கானோர் குரல் அங்கே இருக்கிறது. நம்மிடம்? பாலக்காடு மணி ஐயரின் வாசிப்பைப் பற்றி எத்தனையோ பேர் எழுதினார்கள். அவருடைய மிருதங்கத்துக்குத் தோல் தேர்ந்து, வார் பிடித்து, அவரோடு ஒலியைத் தேடிய பர்லாந்தின் பெயர் கச்சேரி ரசிகர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? தஞ்சாவூர் வீணைக்கும் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கும் புவிசார் குறியீடு வாங்கியாயிற்று. பலா மரத்தைக் குடைகிற கைக்கும், ஆச்சா மரத்தைக் கடைகிற கைக்கும் ஒரு பேட்டி எங்கே இருக்கிறது? தோல் பதப்படுத்துகிறவரையும் மரம் இழைக்கிறவரையும் மேடையின் பின்வாசலிலேயே நிறுத்திவைத்தது நம் சமூகத்தின் சாதிப் புத்தி. அதை மழுப்பிப் பேச நான் தயாரில்லை.

என்னால் முடிந்ததைத் தொடங்கியிருக்கிறேன். கருவி செய்கிறவர்களையும் பழுது பார்க்கிறவர்களையும் அவர்கள் பட்டறையிலேயே உட்கார வைத்துக் குரல் பதிவு செய்துவருகிறேன். வீணைக்கு மெழுகில் மெட்டு வைப்பவர், ஹார்மோனிய ரீடு சுரண்டிச் சுருதி சேர்ப்பவர், தவிலுக்கு வார் பிடிப்பவர், பழைய எலெக்ட்ரிக் ஆர்கன்களை ஓட்டி வைத்திருப்பவர், யாராக இருந்தாலும் சரி. உங்கள் ஊரில் வயதான ஒருவர் இருந்தால் அவரிடம் முதலில் சம்மதம் கேளுங்கள். பிறகு எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். பயணச் செலவு என்னுடையது. தென் மாவட்டங்களில் ஹார்மோனியக்காரர்கள்தான் இப்போது உடனடியாகத் தேவை. பலருக்கு எண்பது வயதைத் தாண்டிவிட்டது.